வெளுத்ததை நிறம் என்றோம்

"...நிறமாம் நிறம்! உரல்ல போட்டுத் தீட்டினா அரிசியும்தான் வெளுக்கும். உள்ள சத்தெல்லாம் தவிட்டோட போனா வெளுக்காம என்ன செய்யும்? இஞ்ச வா புள்ள, வெளிச்சத்துக்கு வா."

வாசலில் கால் வைக்கும்போதே இப்படிப் பேசிக்கொண்டு வந்தவர் எங்கள் பகுதி மருத்துவிச்சி. உன்னிச்சைக் குளக்கட்டால் வெயிலோடு வெயிலாக நடந்து வந்திருந்தார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிள்ளை.

அவர் அப்படி வெடித்ததற்குக் காரணம் நாங்கள்தான். விட்டு விட்டு அடித்த காய்ச்சலுக்குப் பிறகு என் மனைவியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பொம்புளப் புள்ளதான், தாய்க்கு நிறம் ஊறுது" என்றார்கள். அவளுடைய தாய், என் மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. மறைப்பானேன், எனக்கும்தான். வயலுக்குப் போன இடத்திலும் அதைச் சொல்லித் திரிந்தேன். கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அவள் இரண்டு இடத்தில் குந்தியிருந்து மூச்சு வாங்கினாள். அதைச் செல்லம் என்று நினைத்தோம்.

மருத்துவிச்சி பெருவிரலால் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பிடித்தார்.

"எல்லாரும் வந்து பாருங்க. சிவந்து கிடக்கவேண்டிய இடம் நுங்குபோலக் கிடக்கு."

மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவடிக்குப் போனார். நானும் பார்த்தேன். என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் என்ன சந்தைக்கு வந்த மாடா, இப்பிடிப் புடிச்சுக் காட்டுறீங்க?"

"மாடெண்டா மூண்டு பேர் பல்லப் புடிச்சுப் பாத்திருப்பாங்க புள்ள. உன்னத்தான் ஒருத்தரும் பாக்கல்ல."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் அங்கால ஒரு புள்ளைக்குப் பேறு பாத்தன். இதே வெள்ளை. பெத்தது சுகமாத்தான் பெத்தாள். மறுகா கொஞ்சம்தான் ரத்தம் போச்சு. மத்தவளுக்கெண்டா அது ஒண்டுமில்ல. அவளுக்கு அந்தக் கொஞ்சமும் இருப்பில்ல. என்ட மடியிலதான் கண்ண மூடினாள்."

என் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சில் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேரைக் கேட்டவன் நான். ஆனால், கேட்டவுடன் எழும்பி ஏதாவது செய்யவேண்டும் என்று தோன்றும்படி பயங்காட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எழுத்தறியாத மனுஷி.

"மருமகன், நாளைக்கு வெள்ளன டவுனுக்குப் போங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் ஊற ஒரு தண்ணிமருந்து குடுப்பாங்க, காய்ச்சலுக்குக் கொயினா மருந்தும் கேளுங்க. தண்ணிமருந்தக் குடிச்சா வயித்தால கறுப்பாப் போகும், பயந்து நிப்பாட்டிப்போடாதீங்க." அப்படியே மாமி பக்கம் திரும்பினார். "சாப்பாடு என்ன குடுக்கிறீங்க?"

நான் இருக்கும் இடத்தில் மாமி கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். "ரசமும் சோறும்தான். மீன், இறைச்சி சூடு. கூடக் குடுத்தா வயித்துப் புள்ள பெருத்துப்போகுமெண்டு குறைச்சுத்தான் குடுக்கிறம்."

"அப்ப அடுப்பில மணக்கிற ஆட்டீரல் ஆருக்கு?"

"அது மருமகனுக்கு வெச்சது."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டில் வந்து இருப்பதுதான் வழக்கம். அந்த வீட்டின் மரியாதை எல்லாம் மருமகனின் சோற்றில் தெரியவேண்டும். விரால் தலை, ஈரல், பானையின் முதல் அகப்பை எல்லாம் அவனுக்கு. பெண்கள் பிறகு, சட்டியில் கிடப்பதைத் தின்பார்கள். ஏழு மாதமாக நான் நன்றாகச் சாப்பிட்டு வந்தேன், அவள் பரிமாறி வந்தாள். அன்றும் மத்தியானம் சரிந்ததும், மருத்துவிச்சி இன்னும் போகாமல் இருக்க, பாய் விரித்து, ஈரல் கறியும் சோறும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் மாமியின் சமையலைத் தள்ளியதாகிவிடும், வீட்டுக்கே குறைச்சல். சாப்பிடக் கையைக் கழுவிவிட்டு, தட்டைத் தொடாமல் இருந்தேன். மாமி கதவடியில் நின்று என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவிச்சி என்னையும் பார்க்கவில்லை, மாமியையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த தட்டைத் தூக்கினார். என் மனைவியின் கையைப் பிடித்து அதே பாயில் இருத்தி, பக்கத்தில் தானும் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஈரலைச் சோற்றோடு பிசைந்து முதல் கவளத்தை அவள் வாயில் வைத்தார்.