டவர்மேல் போட்ட பழி

அயர்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு பழக்கத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில், நினைவில்லாமல் கிடப்பவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்வார்கள். "பேட்ரிக், இப்போது உங்களைக் குப்புறப் படுக்க வைக்கப்போகிறோம்" என்று அறிவித்த பிறகுதான் ஐந்தாறு பேர் சுற்றி நின்று திருப்புவோம். மயக்க மருந்தில் கிடக்கிற மனிதருக்கு இது எங்கே கேட்கப்போகிறது என்று நினைப்பேன். நர்ஸ் வேலையில் ஊறிப்போன பிறகு நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

அப்படித் திருப்புவது ஒரு குறிப்பிட்ட நோய்க்கு. நிமோனியாவோ வேறு கடும் காய்ச்சலோ முற்றி, நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். வடிகால் அடைத்த வயல் மாதிரி. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாது. ஆங்கிலத்தில் ஏ.ஆர்.டி.எஸ். என்பார்கள். அப்போது தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் சேர்ப்போம். அது நோயைக் குணமாக்கும் இயந்திரம் அல்ல. மருந்து வேலை செய்து நுரையீரல் தேறும்வரை அவகாசம் வாங்கித் தருவது. அந்தக் காற்றையும் சிறுசிறு மூச்சாகத்தான் கொடுக்க வேண்டும், வேகமாக அடித்தால் புண்பட்ட நுரையீரல் இன்னும் கெடும். எல்லோரும் பிழைப்பதில்லை. ஆனால் பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் வாசல்வரை வழியனுப்பியிருக்கிறேன்.

என் அப்பாவுக்கும் இதேதான் வந்தது. கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. வரப்புப் புல் அறுத்தவருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, சாதாரணக் காய்ச்சல் என்று விட்டதில் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல நான் கூப்பிட்டபோது தம்பி கணேசன் போனை அப்பாவிடம் கொடுத்தான். "சாப்ட்டியா..." என்றவர் நின்று, மூச்சு வாங்கி, "தாயி" என்றார். என்ன இப்படிப் பேசுகிறார் என்று பதறினேன். தம்பி போனை வாங்கி, "ஒண்ணுமில்லக்கா, லேசா சளி. இங்கன டவர் சரியில்ல, அதான் விட்டு விட்டுக் கேக்கு" என்றான். மூச்சைக் கவனிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவளை ஒரு டவரைச் சொல்லி ஏய்த்துவிட்டான்.

அதன் பிறகு வந்த அழைப்பு, "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், கெளம்பி வா" என்பது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த வாக்கியம் தெரிந்திருக்கும். வழியில் நாம் உடைந்துவிடக் கூடாதென்று சொல்வது. அதை நான் அப்படியே நம்பினேன். விமானம் மாறி மாறி வந்த வழியெல்லாம் டாக்டரிடம் என்ன பேச வேண்டும், எப்படிக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். தூத்துக்குடி விமான நிலையத்து வாசலில் தம்பி நின்றான், மொட்டைத் தலையோடு. கொள்ளி வைத்தே முடித்துவிட்டார்கள்.

வீட்டில்தான் முழுக்கதையும் தெரிந்தது. வென்டிலேட்டர் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். "என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நான் என்ன வேல பாக்கேன்னு தெரியாதா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். நான் பயந்துவிடுவேன் என்றுதான் மறைத்தார்கள் என்ற நினைப்பு அதுவரை எனக்கு இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தெரிஞ்சிதான் ஏட்டி சொல்லல. சொல்லியிருந்தா நீ அந்த மிஷின்ல போடத்தான் சொல்லுவ. அதுல போட்டு திரும்பி வந்தவுக உண்டா? உசுரு வீட்லதான போகணும்."

பாசத்தால் மறைத்திருந்தால் மன்னித்திருப்பேன். என் படிப்புக்குப் பயந்து மறைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் என் வீட்டாரே நின்று வழியை மறித்திருக்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

அயர்லாந்து திரும்பியதும், நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் மேரி கேட்டாள்: "உனக்கும் உன் குடும்பத்துக்கும் முன்பே பகையா?" இல்லை, என்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் என்றேன். நான் எதையோ மூடி மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவள் தேநீர் போடப் போய்விட்டாள்.

போன வாரம் ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். மூச்சு இரைக்க இரைக்க, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசினார். குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டர் விளக்கிவிட்டுப் போனதும், அவருடைய மகன் என்னிடம் திரும்பினான். "உங்கள் அப்பாவாக இருந்தால் சம்மதிப்பீர்களா?" என்றான்.

என் வீட்டில் யாருக்கும் கேட்கத் தோன்றாததை, என் பெயர்கூடத் தெரியாத ஒருவன் என்னைக் கேட்டான். "சம்மதிப்பேன்" என்றேன்.