ஊர் வாய் மூடிய பாதை

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். ஊர் வாய் தானாக மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கண் தெரியாத பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார் பிற்காலத்தில் என்னைத் தேடி வந்து, "ஊரே கண்டபடி பேசுதுக்கா, என்னா செய்யிறது?" என்று அழுவார்கள். "பேசட்டும் விடு. பேசுற வரைக்கும் நல்லது" என்றுதான் நான் சொல்லுவேன். இவளிடம் போய் யோசனை கேட்டோமே என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து தோட்டத்து ஆட்களான எங்களுக்குப் பிரஜாவுரிமை போன காலம் அது. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருந்தாள். அம்மை போட்டதில் இரண்டு கண்ணும் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் அவளுடைய தாயிடம், "பார்வை இனி வராது அம்மா. பிள்ளைக்கு இனிக் காதுதான் கண். நல்லாக் கதைச்சுப் பழக்குங்கோ" என்று சொல்லி அனுப்பினார். தாயும் பழக்கினாள். பிள்ளை நல்ல வாயாடியாகிவிட்டாள். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லுவாள். மாமா, சித்தி, தாத்தா என்று முறை வைத்துக் கூப்பிடுவாள். லயமே அவளைச் சீண்டிச் சிரிக்கும்.

ஒரு நாள் காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரிடம், "எங்க போறீங்க மாமா?" என்று கேட்டுவிட்டாள். புறப்பட்டுப் போகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது என்று எந்தப் பிள்ளைக்கும் குட்டு வைத்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த மனிதர் அன்று மலையில் பாறை பெயர்ந்து செத்துப்போனார்.

அதற்குப் பிறகு யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அவர்கள் செய்தது வேறு. விடிகாலையில் தாய் அவளை மடுவத்துக்குக் கூட்டிவரும்போது, பாதையில் போகிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். முதலில் நின்றவர் கங்காணி. அவரைப் பார்த்து மற்றவர்கள். அடி எடுத்து வைத்தால் பிள்ளைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் கேட்டுவிடுவாள் என்ற பயம். பனிமூட்டத்துக்குள் இரண்டு பக்கமும் கம்பளி போர்த்திய உருவங்கள், நட்டு வைத்த கல்லைப் போல. கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திக்கொள்வார்கள். நடுவில் அந்தப் பிள்ளை தலையைச் சாய்த்து, காது கொடுத்துக்கொண்டே நடந்து வருவாள். மடுவத்து வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தாய் மிரண்டுபோயிருந்தாள். புறப்படும்போதே பிள்ளையின் வாயில் கருப்பட்டித் துண்டு ஒன்றைப் போட்டு, கரைகிற வரை பேசக் கூடாது என்று சொல்லிவைத்தாள். "கொஞ்ச நாளைக்குக் காம்பராவுலயே பூட்டி வச்சிறவாக்கா? மறந்துருவாங்கல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

அன்று மத்தியானம் பிள்ளை என் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "அத்தை, நான் உள்ள இருந்தா எல்லாரும் பேசுறாங்க. வெளிய வந்தா ஒருத்தரும் இல்ல. நான் வந்தா எல்லாரும் செத்துப்போயிடுறாங்களா?"

"சீ, என்னடி பேச்சு இது" என்று அதட்டினேன். ஆனால் பூட்டி வைத்தால் அந்த நினைப்போடுதான் இவள் வளரப்போகிறாள் என்று தோன்றியது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சாயந்தரமே செத்தவரின் மனைவியிடம் போனேன். நான் பேசினால் ஊர் கேட்காது. அவள் பேசினால் கேட்கும். தாலி அறுத்தவள் என்று அவளும் காலையில் யார் கண்ணிலும் படாமல், எல்லாரும் போன பிறகுதான் வேலைக்குப் போவாள். நான் சொன்னதையெல்லாம் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தப் புள்ள கேட்டதுக்கு அவரு என்னா பதில் சொன்னாராம்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. லயத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேள்வியைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளையைக் கூட்டிவந்தேன். பேசலாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் சொன்னாள்: "சிரிச்சாரு. 'மலைக்குத்தான் தாயி. வீட்டுல ஒங்க அத்தை கோவமா இருக்கா, பொழுதோட வந்து சமாதானம் பண்ணணும்'னாரு."

அன்று காலைச் சண்டைக்குப் பிறகு அவர் கோபத்தோடுதான் போனார் என்று அவர் மனைவி இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாளாம். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஊர்ப்புள்ளகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கு பாரு, மனுசன்" என்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவள் எல்லாருக்கும் முன்னால் வந்து பாதையில் நின்றாள். புருஷனுடைய கம்பளியைப் போர்த்தியிருந்தாள். பிள்ளை வந்ததும் வழக்கம்போல எல்லாரும் கல்லானார்கள்.

"தாயி, நான் இங்க நிக்கிறேன். எங்க போறேன்னு கேளு."

பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாம கேளு."

"எங்க போறீங்க அத்தை?"

பனிக்குள் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. "மலைக்குப் போறேன். பொழுதோட வந்துருவேன்" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அவள் மேலே நடந்தாள்.

அந்தப் பகல் எனக்கு நகரவே இல்லை. இந்த நம்பிக்கையெல்லாம் மூடத்தனம் என்று வாய் கிழியப் பேசுகிற நானே, மலையில் கல் உருளும் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். பொழுது சாய்ந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் வரவில்லை. லயத்தில் ஒருவரும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள், பேச்சு மூச்சில்லாமல். "ஏங்க்கா இப்பிடிச் செஞ்சீங்க?" என்று தாய் என் காதோரம் விம்மினாள்.

பாதையைப் பனி மூடிவிட்டது. என் விரலைப் பிடித்திருந்த பிள்ளைதான் முதலில், "வர்றாங்க" என்றாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து கம்பளி ஒன்று மெதுவாக இறங்கி வந்தது. செத்தவருடைய கம்பளி. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது. யாரோ "ஐயோ" என்று கத்திவிட்டார்கள். எனக்கும் அவர்தான் வருகிறார் என்றே பட்டது.

"வந்துட்டேன் தாயி! காலு பெசகிருச்சு, அதான் மெதுவா வந்தேன்" என்றாள் அவள். பிறகு வாசல்களைப் பார்த்து, "எல்லாரும் என்னா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். யாரோ அழுதார்கள். அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் நாலு பக்கமிருந்தும் கிளம்பியது. பிள்ளை திடுக்கிட்டு என்னோடு ஒட்டிக்கொண்டாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினாள்.

"அத்தை, இம்புட்டுப் பேரும் இங்கயேதான் இருந்தாங்களா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் கங்காணிதான் சொன்னார்.

"இருந்தோம் தாயி."