ரேடியோக்காரர் வாய் மூடிய கதை

அந்தச் சலூன்காரருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கிற வாய், சாயங்காலம் இறக்கும்போதுதான் மூடும். மழை, பந்தயம், பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய புதுச் செருப்பு, எதுவானாலும் அதைப் பற்றி அவரிடம் நாலு விஷயம் இருக்கும். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவர் பதில் சொல்ல முடியுமா? அதனால் கேள்வியும் அவரே, பதிலும் அவரே. பதினாறு வருஷமாக இப்படியே பழகிவிட்டது மனுஷனுக்கு.

சும்மா சொல்லக் கூடாது, குழந்தைகளுக்கு முடிவெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறிக்கொண்டு வரும் பிள்ளையைக்கூட, நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு உட்கார வைத்து, கத்தரி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று ஆரம்பித்துவிடுவார். பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அப்பேர்ப்பட்டவரின் மகளுக்கு மூன்றே கால் வயதாகியும் பேச்சு வரவில்லை. வீட்டில் அவளை மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் அத்தனை சின்னது, காரம் அத்தனை அதிகம். அம்மாவுக்குத் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் விடியற்காலை வேலை. அதனால் மதியம் வரை மிளகு அப்பாவோடு சலூனில்தான் இருப்பாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டில்தான் அவளுக்கு உயிர். அதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்களின் முழங்காலை நனைத்துச் சிரிப்பாளே தவிர, வாய் திறந்து இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல மாட்டாள். ரேடியோ வெளியில் சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளுக்குள் அவருக்குப் பயம். இந்தக் குழந்தை கடைசி வரை பேசாமலே இருந்துவிடுமோ என்கிற நினைப்பு வந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

பேச்சுப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு வழியாகக் கடிதம் வந்தது. பத்து நாள் கழித்து மதிப்பீடு. குழந்தை சொல்கிற வார்த்தைகளைப் பட்டியல் எழுதி வரவும், பிடித்த பொம்மையும் தின்பண்டமும் கொண்டு வரவும், நன்றாகத் தூங்க வைத்துக் கூட்டி வரவும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். மறந்துவிடக் கூடாது என்று ரேடியோ அதைக் கையோடு சலூன் கண்ணாடியில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டிவிட்டார். மதிப்பீடு என்ற வார்த்தையைப் பரீட்சை என்று மனசுக்குள் மாற்றிக்கொண்டதும் அந்த நிமிஷம்தான்.

பரீட்சை என்றால் படிக்க வேண்டாமா? மறுநாளே மிளகு பலகைமேல் ஏற்றப்பட்டாள்.

"இது என்னடா தங்கம்? சீப்பு. சொல்லு, சீ...ப்பு. ஆங், சொல்லிட்டாளே!" என்றார் ரேடியோ. குழந்தை உதட்டைக்கூட அசைத்திருக்கவில்லை. சாட்சிக்குப் பெஞ்சைப் பார்த்தார். முடிவெட்ட வந்தவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். கத்தி கையில் இருக்கிற ஆளோடு யார் வம்புக்குப் போவது?

கத்தரி, பவுடர், கண்ணாடி, துண்டு என்று பாடம் நீண்டது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் வாத்தியார் ஆனார்கள். லாரி ஓட்டுகிற ஒருவர், தன்னிடம் அவள் ஒருநாள் "லாரி" என்று சொன்னதாகச் சத்தியம் செய்தார். ரேடியோ அதையும் எழுதிக்கொண்டார். பட்டியல் நாற்பதைத் தாண்டியது. மூன்றாம் நாள் சீப்பைக் கண்டதும் மிளகு முகத்தைத் திருப்பினாள். ஐந்தாம் நாள் தண்ணீர்ப் பாட்டிலோடு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்தவள், வெளியே வர மாட்டேன் என்றுவிட்டாள். இருந்த கொஞ்ச வார்த்தையும் போயிற்று. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சொம்பைக் காட்டினாள், அவ்வளவுதான்.

ஆறாம் நாள் மனைவிக்கு விடுமுறை. வாய் கொஞ்சம், கண் அதிகம் அவளுக்கு. சலூனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கண்ணாடியில் இருந்த கடிதத்தை டேப்போடு உரித்தாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தபாலைப் புரட்டிப் பார்க்கிற கை அது. எந்தக் காகிதமானாலும் பின்பக்கம் பார்க்காமல் வைக்காது.

பின்பக்கமும் எழுதியிருந்தது.

அவள் நிதானமாகப் படித்தாள். குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தயார் செய்ய வேண்டாம். இது பரீட்சை அல்ல. ஏதாவது கேட்டால், மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். படித்துவிட்டு அவரைத் திட்டவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

கடை காலியானதும் நோட்டை நீட்டினாள். மகளிடம் ரேடியோ கேட்ட கேள்வி நாற்பத்தாறு. அத்தனைக்கும் பதில் சொன்னதும் அவர்தான். மிளகு நாலு தடவை வாயைத் திறந்திருக்கிறாள். நாலு தடவையும் அப்பா உள்ளே புகுந்துவிட்டார்.

ரேடியோ அந்தக் கோடுகளையே பார்த்தார். அதற்குக் கீழே மனைவி புதிதாக எழுதிய பட்டியல் இருந்தது, அவள் தன் காதால் கேட்டவை மட்டும். அம்மா, தண்ணி, வேணா, மாமா, பூனை... மொத்தம் பதினொன்று. மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார்.

"இதுல என்னக் காணோமே," என்றார். "என்னய அவ என்னன்னு கூப்பிடுவா?"

"உங்கள எதுக்குங்க கூப்பிடணும்? அவ திரும்பிப் பாக்கறதுக்குள்ளயே வந்து நிக்கறீங்களே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு மாமா, மதில்மேல் வருகிற பூனைக்குப் பூனை, நமக்கு ஒன்றுமில்லையா என்று நினைத்துக்கொண்டார்.

அன்றோடு பாடத்தை மூட்டை கட்டியாயிற்று. மறுநாளிலிருந்து ரேடியோ வாயை மூடப் பழகினார். எளிதா அது? உதடு தானாகத் திறந்துகொள்கிறது. கடைசியில் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். கேள்வி கேட்பார், சீப்பைக் கடிப்பார், பத்து வரை எண்ணுவார். வாடிக்கைக்காரர்கள் மிரண்டுபோனார்கள். ஒருவர் தொண்டைக்கு மாத்திரை வாங்கி வந்தார். லாரிக்காரர், வீட்டில் சண்டையா என்று காதோடு விசாரித்தார். இரண்டு நாளில் மிளகு பெஞ்சுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அடுத்த நாள் லாரிக்காரரின் முழங்காலை நனைத்துவிட்டு, "தண்ணி" என்றாள். மனுஷன் நனைந்த கால்சட்டையோடு எழுந்து நின்று கை தட்டினார்.

மதிப்பீட்டு நாளன்று மூன்று பேரும் போனார்கள். நிலையத்தின் அறை சின்னது. குட்டை மேஜை, குட்டி நாற்காலிகள், தரையில் பாய். பயிற்சியாளர் இளவயதுப் பெண். பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் காது சோதனை. பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு வளையத்தைக் குச்சியில் மாட்டினாள் மிளகு. ஒன்றுகூடத் தவறவில்லை. காது பழுதில்லை என்றதும் ரேடியோவுக்குப் பாதி உயிர் வந்தது. அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசியிருப்பார். அதற்குள் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கடித்துக்கொண்டார். பயிற்சியாளர் ஒரு பார்வை பார்த்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பிறகு பயிற்சியாளர் சோப்புக் குமிழி ஊதினார். மிளகு துள்ளித் துள்ளிக் குமிழிகளை உடைத்தாள். நடுவில் அவர் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, ஒன்றும் சொல்லாமல் அவள் கையில் கொடுத்துவிட்டார். மிளகு திருகிப் பார்த்தாள், கடித்துப் பார்த்தாள், நேரே அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

ரேடியோவின் கை பாதி தூரம் போய்விட்டது. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு. மிளகு பாட்டிலை அவர் மடியில் வைத்து அழுத்தினாள். நாலு, ஐந்து. அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். எப்போதும் பொரிந்துகொண்டிருக்கிற வாய் இன்று ஏன் சும்மா இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எட்டிச் சீப்பைப் பிடித்து, பல்லிடுக்கிலிருந்து வெளியே இழுத்தாள். அடைப்பை எடுத்தாயிற்று, இனிப் பேச வேண்டியதுதானே என்பதுபோல் காத்திருந்தாள். ரேடியோ பேசவில்லை. எட்டு. ஒன்பது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ப்பா," என்றாள் மிளகு.

அறையில் ஒருவரும் அசையவில்லை. ரேடியோவும்தான் அசையவில்லை.

"ப்பா! தெற."

"திறந்துடுங்க சார்," என்றார் பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே. "கேட்டுட்டா பாருங்க."

திறந்தார். அவசரத்தில் பாதிச் சோப்புத் தண்ணீர் சட்டையில் கொட்டியது. மிளகுக்கு அதுவும் வேடிக்கைதான், கெக்கெக்கே என்று சிரித்தாள். மனைவி பேனாவை எடுத்துப் பட்டியலில் பன்னிரண்டு, பதின்மூன்று என்று இரண்டு வரி சேர்த்தாள். அதில் ஒரு வரி கோணலாகப் போயிற்று.

பயிற்சியாளர் எதையும் மிகைப்படுத்தவில்லை. பேச்சு மெதுவாகத்தான் வரும், வாரம் இரண்டு நாள் வர வேண்டும், மாதக்கணக்கில் ஆகலாம், விளையாட்டாகவே செய்வோம் என்றார். வீட்டுப்பாடம் ஏதாவது உண்டா என்று ரேடியோ கேட்டார். உண்டு, உங்களுக்குத்தான் என்றார் அவர்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் மிளகுக்குக் கால் வலித்தது. நின்றுவிட்டாள். முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்த்து, "ப்பா" என்றாள். ரேடியோ நின்றார். திரும்பவில்லை.

"ஏங்க, கூப்பிடறா. காது கேக்கலையா?" என்றாள் மனைவி.

"நல்லா கேக்குது. பத்து எண்ணிட்டிருக்கேன்," என்றார் ரேடியோ.

அவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் மிளகு இன்னும் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள்.