கோர்தா இல்லை, கோர்தே

இன்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு வேலை.

ஸ்பெயினிலிருந்து வந்த டெக்னீஷியன், தோல் வெட்டும் ஸ்டெல்லா அக்காவிடம் "கோர்தா" என்றார்.

"வெட்டுங்கக்கா" என்றேன்.

ஸ்பானிஷ் அரைகுறையாகத் தெரிந்த மேனேஜர் முறைத்தார். "அவரு வெட்டுன்னுதானே சொன்னாரு? நீ இன்னாத்துக்கு 'ங்க' சேக்குற?"

அது சரிதான். ஸ்பானிஷில் வெட்டுவது 'கோர்தார்'. 'ர்' போனால் 'கோர்தா', வெட்டு. கடைசி 'ஆ'வை 'ஏ' ஆக்கினால் 'கோர்தே', வெட்டுங்கள்.

டெக்னீஷியனிடமே ஸ்பானிஷில் சொன்னேன்: "இவங்க உங்களைவிட மூத்தவங்க. எங்க ஊர்ல மரியாதையாத்தான் சொல்லணும்."

அவர் அக்காவிடம் திரும்பி, "கோர்தே" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே வெட்டினார்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

"பாத்துக்குங்க சார்" என்றேன்.

மரியாதையில் ஏதாவது குறை வைத்தேனா, நீங்களே சொல்லுங்கள்.