பால்மா டின்னில் ஒரு தட்டு

போன வருடம் கார்த்திகை மாதம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். தன்னாமுனைப் பக்கம், வாவிக்கரையோடு ஒட்டிய எங்கள் வளவில் நடந்தது இது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை. இப்படி எழுதுவதும் இதுதான் முதல் தடவை.

என் தங்கை கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, தகப்பன் இல்லாத தன் ஐந்து வயது மகளை என்னிடம் விட்டுப் போனாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை வளர்த்துப் பழக்கமும் இல்லை. சின்னவளோ காற்றில் பறக்கிற பஞ்சு மாதிரி. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். ஒருநாள் செங்கலடிச் சந்தியில் என் கையை உதறிவிட்டு, எதிர்ப்பக்கம் பலூன் விற்றவரிடம் ஓடினாள். வந்த பஸ் எப்படி நின்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாரதி இறங்கி என்னைத் திட்டினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்பள்ளி ஆசிரியையும் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, இவ நல்ல கெட்டிக்காரி. ஆனா நான் ஒண்டு சொல்லி முடிக்க முதல் ஓடிருவா. வரிசையில முன்னுக்கு நிக்கிற புள்ளயத் தள்ளுவா. வருசம் பிறந்தா ஒண்டாம் ஆண்டு. அங்க அத்தின புள்ளையளுக்குள்ள ஆர் இவவப் பாத்துக்கொண்டு நிக்கிற?"

அடித்துத் திருத்தாதீர்கள் என்றும் சொன்னார். பொறுத்திருப்பது, சொன்னதை மனதில் வைத்திருப்பது, ஆசை வந்ததும் பாயாமல் தன்னை நிறுத்திக்கொள்வது, இதெல்லாம் சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பழக்கலாமாம். அதற்கென்றே இணையத்தில் பக்கங்கள் இருக்கின்றன என்று என் போனுக்கு நாலைந்து அனுப்பினார். தமிழில் பேசும் காணொளிகளும் இருந்தன. சில தாள்களைச் செங்கலடியில் போட்டோக் கொப்பிக் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்தேன். காலையில் எழுந்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று படம் போட்ட தாள், முறை பார்த்து ஆடும் விளையாட்டு, மூன்று பொருளைக் காட்டி ஒன்றை மறைத்துவிட்டுக் கேட்கும் விளையாட்டு.

சின்னவளுக்குப் பிடித்தது 'சிலை' ஆட்டம்தான். காணொளியில் ஒரு பெண் மேளம் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சிலை. இரண்டு தட்டு என்றால் விடுதலை. எங்களிடம் மேளம் இல்லை. வெறும் பால்மா டின்னில் கரண்டியால் தட்டினேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. சத்தம் போட்டுக் கூப்பிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

பிள்ளை நிற்கப் பழகிய பிறகு கவனத்தைக் கலைத்துப் பாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இனிப்பைக் காட்டுங்கள். நானும் செய்தேன். "மழை வருது ஓடி வா" என்பேன். "அம்மா வந்துட்டா" என்பேன். முதலில் எல்லாவற்றுக்கும் ஏமாந்தாள். போகப் போக அசையாமல் நின்றாள். அவளைச் சிரிக்க வைப்பதற்காக நான் கடைசியாக வைத்திருந்தது, "முதலை வருது புள்ள!" என்பது. வாவிக்கரையில் எல்லாப் பிள்ளைகளையும் அதைச் சொல்லித்தான் வெருட்டுவார்கள். அதற்கும் அசையாமல் நின்ற அன்று கலண்டரில் பெரிய நட்சத்திரம் கீறிக் கொடுத்தேன். முன்பள்ளியிலும் நல்ல மாற்றம் என்று ஆசிரியை சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று பின்னேரம் மூன்று மணி இருக்கும். வானம் இருண்டு, காற்றே இல்லாமல் கிடந்தது. வாவித் தண்ணீர் கொஞ்சம் ஏறி, எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் இருந்தது. பின்வளவில் ஆட்டம் நடந்தது. சின்னவள் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் ஓடி மறைந்தாள். டின்னில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அந்த நேரம் போன் அடித்தது. தங்கை. எங்கள் வீட்டில் முன்வாசல் வேம்புக்குக் கீழே நின்றால்தான் பேச்சு வெட்டுப்படாமல் விளங்கும். டின்னைக் கிணற்றடிக் கல்லில் வைத்துவிட்டு முன்னால் போனேன். தங்கைக்கு அன்று மனது சரியில்லை. அழுது அழுது பேசினாள். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். கடைசியில், "அக்கா, புள்ளயக் காட்டன்" என்றாள்.

போனோடு பின்னால் போனேன். கிணற்றடியில் யாருமில்லை. வீட்டுக்குள் இல்லை. கட்டிலுக்குக் கீழே இல்லை. திரையில் தங்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். "நித்திரைகா, எழுப்பல்ல" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வளவுக்காரி. நான் முறை வைத்து மச்சாள் என்று கூப்பிடுவேன்.

"என்னகா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறாய்?"

"சின்னவளக் காணல்ல மச்சாள்."

"காணல்லையா? அப்ப வாயத் திறந்து கூப்பிடன்கா! புள்ளயக் கூப்பிடவும் உனக்கு வெக்கமா?"

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மச்சாளின் குரல்தான் வாவிக்கு அந்தக் கரை வரைக்கும் போயிருக்கும். அவருடைய கணவர் வலை தைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடி வந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

மறுபடி மறுபடி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். பதில் இல்லை. பறவைச் சத்தம்கூட இல்லை. நாங்கள் கூப்பிட்ட பெயர் தண்ணீரில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். மச்சாள் வீட்டு நாய் வாவிப் பக்கம் பார்த்து நின்றது. வழிப்போக்கன் யாரைக் கண்டாலும் வளவு அதிரக் குரைக்கிற நாய் அது. அன்று வாலைக் கால்களுக்குள் இடுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. கிட்டப் போகவும் இல்லை. விலகி வரவும் இல்லை.

எங்கள் பின்வேலியில் ஒரு இடைவெளி உண்டு. அதைத் தகரம் வைத்து அடைத்திருந்தோம். தகரம் மழையில் சாய்ந்து கிடந்ததை நான் அதுவரைக்கும் காணவில்லை. அதற்கு அப்பால் தண்ணீருக்குள்ளேயே வேர் விட்டு அடர்ந்து நிற்கும் கண்ணாப் பற்றை. மச்சாள் அந்த வழியால் ஒருமுறை போய்ப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டும் வந்திருந்தார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தி மனைவியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "விடிய அந்தப் பற்றைக்குப் பக்கத்தில ஒண்டு கிடந்த. பெரிசு. நான் தோணியத் திருப்பிக்கொண்டு வந்துட்டன்."

கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை டின்னில் பட்டது. கரண்டி அதன் மேல் வைத்தபடியே இருந்தது.

ஒரு தட்டுத்தான் தட்டினேன். இரண்டு தட்டு இன்னும் தட்டவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அசையக்கூடாது என்று பழக்கியது நான். பதில் சொல்லக்கூடாது என்று பழக்கியதும் நான். கரண்டியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினேன். தட்டிய அவசரத்தில் அது மூன்றாகிவிட்டதோ என்றும் பயந்தேன்.

கண்ணாப் பற்றை அசைந்தது. வேலி இடைவெளியால் சின்னவள் நடந்து வந்தாள். நான் முதல் தட்டைத் தட்டியபோது அவள் அதற்குள் ஓடிப் போயிருந்திருக்கிறாள். முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தாள். உதடு வெளிறியிருந்தது. ஓடவில்லை, அழவில்லை. மச்சாள் அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "அடியேய், உன்ர மூக்குக்கு முன்னால நிண்டு கத்தினனேடி!" என்று அழுதார்.

"எல்லாரும் கூப்பிட்ட. எனக்குச் சிரிப்பு வந்த. நான் சிரிக்கவுமில்ல" என்றாள் சின்னவள். மச்சாளின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, "நான் வெண்டுட்டன்தானே பெரியம்மா? அது கிட்ட வந்து பாத்த. அப்பவும் நான் அசையல்ல" என்றாள்.

"எது மகள்?"

தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

அண்ணன் பற்றையை விலக்கிப் பார்த்தார். நானும் அவருக்குப் பின்னால் போனேன். சேற்றில் இரண்டு சின்னப் பாதங்கள் ஆழமாகப் பதிந்து, அவற்றுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து ஏறி வந்த அகலமான வழுக்கல் தடம் ஒன்று, இரண்டு பக்கமும் நகக் கீறலோடு, அந்தப் பாதங்களிலிருந்து ஒரு பாய் அகலத் தூரத்தில் நின்றிருந்தது. பிறகு வளைந்து தண்ணீருக்கே திரும்பியிருந்தது.

அண்ணன் கையை விரித்துத் தடத்தின் அகலத்தை அளந்தார். "ஓடியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

வீட்டுக்குள் கொண்டுபோய்த் தலை துவட்டி, உடுப்பு மாற்றி, தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்கதானே அத அனுப்பின?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மழை, அம்மா, இனிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஏமாற்றிப் பார்த்த பெரியம்மா, அன்றைக்கு முதலையையே அனுப்பியிருக்கிறா என்று அவள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு நேரமும் பயமில்லாமல் நின்றிருக்கிறாள்.

அன்று பொழுது சாய முதலே தங்கைக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அவளுக்குப் பக்கத்தில இரு அக்கா" என்று மட்டும் சொன்னாள். வேலி இடைவெளியை அடுத்த நாள் அண்ணன் முள்ளுக்கம்பி அடித்து மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த இணையப் பக்கத்தைத் திறந்து, காணொளிக்குக் கீழே எழுதியிருந்ததை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். பிள்ளை எப்போதும் உங்கள் கண்ணில் தெரிய வேண்டும், எந்த நேரத்திலும் ஆட்டத்தை உடனே நிறுத்துவதற்கு ஒரு சொல் பழக்குங்கள், தொடங்கியவரே ஆட்டத்தை முடித்து வையுங்கள் என்றெல்லாம் அதில் தெளிவாகத்தான் இருந்தது. படம் பார்த்தால் போதும் என்று நினைத்தது என் பிழை. இப்போது எங்களுக்கு அப்படி ஒரு சொல் இருக்கிறது. அது அவளே தெரிந்தெடுத்தது. அந்தச் சொல்லை உரக்கக் கத்தி நானும் பழகிக்கொண்டேன். பெரியம்மாவுக்கு இப்படியும் குரல் இருக்கிறதா என்று மச்சாள் கேலி செய்கிறார்.

சின்னவள் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறாள். நல்ல பொறுமைசாலி என்று அங்கே பெயர் எடுத்திருக்கிறாள். நின்றதால் தப்பினாளா, நின்றதால்தான் அது அவ்வளவு கிட்ட வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். ஆனால் இப்போதும் வீட்டில் அவள் சத்தம் கொஞ்ச நேரம் கேட்காவிட்டால், எந்த ஆட்டமும் தொடங்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தாலும், அந்த டின்னை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி, "என்ன பெரியம்மா?" என்று அவள் வந்து நின்ற பிறகுதான் என்னால் அடுத்த வேலையைத் தொட முடிகிறது.