குளியலறையிலிருந்து வந்த பதில்

இது நடந்தது. நம்பாதவர்கள் போகலாம், நம்பச் சொல்லி வஹீதா யார் காலிலும் விழவில்லை. அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். வெயில் சுள்ளென்று அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி, காபி நேரம். பேய்க்கு வெளிச்சம் ஆகாது என்று எவன் சொன்னானோ தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு மனநலக் காப்பகம். பெயர் வேண்டாம். அங்கே பெண்கள் வார்டில் எந்தக் கதவிலும் உள்தாழ்ப்பாள் கிடையாது. மனம் கலங்கிய நேரத்தில் யாரும் உள்ளே பூட்டிக்கொள்ளக் கூடாது என்று கழற்றிவிட்டார்கள். யாராவது குளியலறைக்குப் போனால் நர்ஸ் வெளியே நின்று அடிக்கடி பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வந்தால் போதும். அதுதான் அங்கே வழக்கம்.

அரியமங்கலத்திலிருந்து நர்ஸாக வந்து சேர்ந்த வஹீதா, முதல் வாரமே அந்த வழக்கத்தோடு சண்டைக்கு நின்றாள்.

"குரல் மட்டும் போதாது சார். முகத்தைப் பாக்கணும்."

மேனேஜர் வெங்கட்ராகவன் சிரித்தார். "பெரியவங்க குளிக்கிற எடத்துல எட்டிப் பாக்குறதா? அவங்களுக்கும் மானம் இருக்கும்மா. பதில் வருதில்ல, விடு."

அவர் சொன்னதும் ஒரேயடியாகத் தப்பில்லை. வஹீதா பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கினாள்.

வார்டில் அவளுக்கு ரொம்பப் பிடித்தவர் கோதா மாமி. சித்திரை வீதிக்காரர், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். காதுக்குள் யாரோ ஓயாமல் திட்டுகிறார்கள் என்று கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மாத்திரையில் திட்டு குறைந்தது. ஆனால் விழுங்குவது மந்தமாகிவிட்டது. அதனால் எல்லாம் குழைத்துத்தான் தருவார்கள், அதுவும் நர்ஸ் கண்ணெதிரே. "பல்லிருக்கச்சயே கஞ்சியா?" என்று மாமி தினமும் முறைப்பார். ஆனால் எங்கிருந்து கூப்பிட்டாலும் பெருமாள் சந்நிதியில் நிற்பவர் மாதிரி ஒரே பதில்தான் வரும். "அடியேன்!"

அந்த வெள்ளிக்கிழமை இன்னொரு நோயாளியின் வீட்டார் மெதுவடை கொண்டுவந்திருந்தார்கள். காபி கொடுக்கும் சந்தடியில் மாமி குளியலறைக்குப் போனார். அடுத்த நிமிஷமே வஹீதா கதவுக்கு வெளியே போய் நின்றாள்.

"கோதா மாமி?"

"இருக்கேன் சிஸ்டர்."

வஹீதாவுக்கு எங்கேயோ இடித்தது. குரல் மாமியுடையதுதான். ஆனால் வழக்கமான "அடியேன்" இல்லை; மாமி அவளை ஒருநாளும் சிஸ்டர் என்று அழைத்ததும் இல்லை. "அடி வஹீதா"தான்.

"மாமி, காபி ஆறுது. வரீங்களா?"

"இருக்கேன் சிஸ்டர்."

"தண்ணி வருதா உள்ள?"

"இருக்கேன் சிஸ்டர்."

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். மூச்சு வாங்கும் இடைவெளிகூட இல்லை.

கதவைத் தள்ளினாள். ஒரு விரற்கடை திறந்தது... நின்றது. உள்ளேயிருந்து யாரோ முதுகைக் கொடுத்துச் சாய்ந்திருக்கிறார்கள். தள்ளினால் தள்ளுகிறார்கள்.

டக்... டக்... தூரத்துச் சுவரில் கை அடிக்கும் சத்தம்.

சுவரில் அடிப்பது மாமி என்றால், கதவில் இருப்பது யார்?

"இருக்கேன் சிஸ்டர்," என்றது கதவு இடுக்கு. அவள் காதருகே.

உடம்பெல்லாம் சில்லிட்டது. அதைவிடக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ இருந்தா இரு! எனக்கு எங்க மாமி வேணும். தள்ளு!"

தோளைக் கொடுத்து மோதினாள்.

திறந்தது.

கதவருகே யாருமில்லை. எதிர்ச்சுவரில் மாமி. முகம் நீலம். கை தொண்டையில். காலடியில் பாதி வடை.

மாமியை முன்னால் சாய்த்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை உள்ளும் மேலுமாக இழுத்து அமுக்கினாள். மறுபடியும். மறுபடியும்...

வடைத் துண்டு தெறித்து விழுந்தது. மாமி இழுத்த முதல் மூச்சு வார்டு முழுக்கக் கேட்டது.

தொண்டை அப்படி அடைத்துக்கொண்டவரால் ஓர் எழுத்துகூடப் பேச முடியாது. நர்ஸிங் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள்.

"கதவண்ட ஒருத்தி சாஞ்சு நின்னுண்டிருந்தா. நீ கூப்பிடக் கூப்பிட அவதான் பதில் சொன்னா," என்றார் மாமி அன்றைக்கே. டாக்டர் அதை நோயின் அறிகுறி என்று எழுதிக்கொண்டார். வஹீதா காதால் கேட்டதை எந்த நோயில் சேர்ப்பாராம்?

மேனேஜர் அவளை வேறு வார்டுக்கு மாற்றட்டுமா என்று கேட்டார்.

"நான் எங்கயும் போகல சார். கதவை வெட்டுங்க. தலையும் காலும் தெரியட்டும், நடுவுல மானம் இருக்கட்டும். இனி என் டூட்டில வெறும் குரலுக்குக் கணக்கு கிடையாது."

ஒரு வாரம் விடாமல் நின்று வெட்டவைத்தாள்.

அந்தச் சேதி எப்படியோ உறையூருக்கு எட்டி, பொன்னுத்தாய் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். முன்பு அதே வார்டில் நர்ஸாக இருந்தவர்; யமுனா என்ற பெண் அந்தக் குளியலறையில் வலிப்பு வந்து செத்துக் கிடந்ததற்காக வேலையிலிருந்து துரத்தப்பட்டவர்.

"வேலையை விட்டுடும்மா," என்றார்.

"நான் விட்டா வார்டுல இருக்கறவங்கள யாரு பாப்பாங்கக்கா? அந்த யமுனா செத்தும் அங்கயே இருந்துட்டுப் போகட்டும். எனக்கென்ன பயம்?"

பொன்னுத்தாய் இல்லையென்று தலையாட்டினார். "அது யமுனா இல்ல. அன்னைக்கு எனக்கு அங்க முதல் நாள், யாரையும் தெரியாது. மூணு தரம் கூப்பிட்டேன். மூணு தரமும் உள்ளேருந்து பதில் வந்துச்சு. நம்பி நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"பொணத்தைத் தூக்கும்போதுதான் சொன்னாங்க... யமுனா பொறவியிலேயே ஊமைன்னு."

வஹீதா எழுந்து யூனிஃபார்மைப் பையில் வைத்தாள். டூட்டிக்கு ஸ்ரீரங்கம் பஸ் பிடிக்க நேரமாகியிருந்தது.