ரயிலடியில் மாமனார் பேரைச் சொல்லிக் கத்தினேன்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் போய், அங்கே வேறு பஸ் பிடித்து அரியலூர் ரயிலடிக்கு வந்திருந்தோம். பொங்கலுக்கு வந்த என் வீட்டுக்காரர் மெட்ராஸ் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியனுப்ப நானும் என் மாமனாரும், மூன்று வயது நிறையாத என் மூத்த மகனும் போயிருந்தோம். ஊரே அன்றைக்குத்தான் கிளம்பியதோ என்னவோ, அப்படி ஒரு கூட்டம்.

நடந்ததைச் சொல்லுமுன் மகனுடைய பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால், தகப்பனைப் பெற்றவர் பேர்தான். அதனால்தானே பேரன் என்கிறோம் என்பார்கள். பேரில் யாருக்கும் தகராறு இல்லை, அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் தகராறு. நாலெழுத்துப் படித்த என் வீட்டுக்காரர், முதலெழுத்தை ‘ஷ’ என்று அழுத்திச் சொன்னால்தான் நாளைக்கு ஆபீஸில் மதிப்பு என்றார். மாமனார் தன் பேரைத் தானே சொன்னால் ‘ச’தான் வரும். ஊரார் வாயிலோ அந்தப் பேர் மென்று துப்பிய மாதிரி வேறொன்றாகிவிடும். பேர் வைத்த அன்று ஆளுக்கொரு விதமாகக் குழந்தையின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாமனார் பேரை மருமகள் சொல்வதாவது! என் மாமியாருக்கோ அது புருஷன் பேர். ஆக, வீட்டிலிருந்த இரண்டு பொம்பளைகளுக்கும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட வழியில்லை. மாமியார் ‘பேராண்டி’ என்பார், நான் ‘ராசா’ என்பேன். முதுகில் ஒன்று வைக்கும்போதுகூட ராசாதான். பெற்ற பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கொடுத்து வைக்கவில்லையே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு குறை. யாரிடம் போய்ச் சொல்வது?

ரயில் வந்தது. வீட்டுக்காரர் முன்னால் ஒரு பெட்டியில் முண்டியடித்து ஏறினார். ஜன்னல் வழியே சாப்பாட்டுத் தூக்கை நீட்டுவதற்காகப் பிள்ளையின் கையை விட்டேன். தூக்கைக் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். வீட்டுக்காரரும் அதற்குள் நெரிசலில் உள்ளே தள்ளப்பட்டுவிட்டார். எங்கள் கூச்சல் அவருக்குக் கேட்கவே இல்லை.

மாமனார் வண்டிகள் நிற்கும் வாசல் பக்கம் ஓடினார். நான் ரயில் ஓரமாகவே “ராசா, ராசா” என்று அலறிக்கொண்டு ஓடினேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளைதான் தாய்க்கு ராசா இல்லை? மூட்டை தூக்கும் ஒருவர்தான் என்னை நிறுத்தி, பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார்.

“எங்க மாமா பேருங்க” என்றேன்.

“ஒங்க மாமா பேரு என்னம்மா?”

நான் தரையைப் பார்த்தேன். தகப்பன் பேரையாவது சொல்லு என்றார். அதையும் சொல்லக்கூடாதே! அவர் தலையில் அடித்துக்கொண்டு, “வண்டி கெளம்பப் போவுதும்மா” என்றார்.

கார்டு விசில் ஊதினார். சக்கரத்துக்குக் கீழே போயிருப்பானோ, எவளாவது தூக்கிக்கொண்டு போயிருப்பாளோ என்று என்னென்னவோ தோன்றியது. அதற்கு மேல் எனக்கு மாமனாரும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை.

“ஷண்முகம்!” என்று கத்தினேன். “சண்முகம்!” என்றேன். எந்த விதமாகச் சொன்னால் என் பிள்ளை வருவான் என்று எனக்கே தெரியாது. கடைசியில் தொண்டை கிழிய, “சம்முவம்! டேய் சம்முவம்! எங்கடா இருக்க?” என்றேன்.

திரும்பினால், எனக்குப் பின்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

அதே நேரம் பின்னால் ஒரு பெட்டி ஜன்னலில் ஒரு பெண்ணின் தலை தெரிந்தது. “இந்தாம்மா, சம்முவம் இங்க இருக்கான்!” என்றாள். அப்பாவைத் தேடிக்கொண்டு ஏறியவன் பெட்டி மாறி ஏறியிருக்கிறான். அழவும் இல்லை. அவள் கொடுத்த கடலை உருண்டையைத் தின்றுகொண்டு, கேட்டதற்குப் பேரும் சொல்லியிருக்கிறான். வண்டி நகர்ந்துவிட்டது. மூட்டைக்காரர் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகப் பிள்ளையை வாங்கி என்னிடம் கொடுத்தார். அவனை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பயம் போய், திரும்பும் பஸ்ஸில் வேறு பயம் பிடித்துக்கொண்டது. பேரைச் சொன்னதோடு போயிற்றா, ‘டேய்’ என்று வேறு சொல்லித் தொலைத்தேனே! மாமியார் காதுக்குப் போனால் பிறந்த வீட்டுக்குத்தான் அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டேன். முன் சீட்டில் இருந்த மாமனார் திரும்பியே பார்க்கவில்லை. பிள்ளை என் மடியில் நிம்மதியாகத் தூங்கினான்.

பெரம்பலூரில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் என் பக்கம் வந்தார். நான் பதறி எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

“எங்க ஆத்தா போனதுக்கப்பறம் என்னை அப்புடி டேய் போட்டு யாரும் கூப்புட்டதில்லத்தா.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமே புள்ளைய அப்புடியே கூப்புடு. நானும் கேட்டுக்கிறேன்” என்றார்.

முதலில் மெல்லத்தான் கூப்பிட்டேன். போகப் போகப் பழகிவிட்டது. வாசலில் நின்று “சம்முவம், சாப்புட வாடா” என்று நான் கூப்பிட்டால், தெருவில் விளையாடும் பிள்ளையோடு கட்டிலில் படுத்திருக்கும் அவரும் தலையைத் தூக்குவார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகன் ஆபீஸில் ‘ஷ’ போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். எனக்கு அவன் சம்முவம்தான். மரியாதை என்று நாம் வாய்க்குள் பூட்டி வைத்திருப்பதைக் கேட்க ஒருவர் எத்தனை வருஷமாக ஏங்கியிருப்பார் என்பது நமக்கெங்கே தெரிகிறது? இன்றைக்கும் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், என் கண் தன்னால் அந்தக் கட்டில் கிடந்த இடத்துக்குப் போய்விட்டுத்தான் வருகிறது.